யாரா யெரிங் ட்ரை ரெட் நம்பர் 1: இருபது வயதான ஒரு சிவப்பு ஒயின்

ஆஸ்திரேலியாவின் யாரா யெரிங் தோட்டத்தின் ‘ட்ரை ரெட் ஒயின் நம்பர் 1’, 2005ஆம் வருட அறுவடை. பெரும்பங்கு கேபர்னே சாவிஞான். கூடவே மெர்லோ, மால்பெக், மிகக் கொஞ்சமாகப் பெட்டி வெர்டோ. நாலும் சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகைகள். மெல்பர்னில் ஒரு ஏலத்தில் எடுத்தேன், கமிஷன் எல்லாம் சேர்த்து 130 டாலர் சொச்சம் ஆனது. இந்த வருடம் எங்கள் வீட்டில் திறந்த ஒயின்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பாட்டிலை அவசரமாகத் திறந்து, திறந்த கையோடு குடித்தால், இவ்வளவு காசுக்கு இதுதானா என்று தோன்றிவிடும். எப்படித் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும், எதோடு சாப்பிட வேண்டும் என்பதில்தான் பாதி இருக்கிறது. அதனால் அதையெல்லாம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன், பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்தவன். எங்கள் பக்கம் கொடிக்கு ஓய்வு கிடையாது. கவாத்து பண்ணி, தண்ணீர் விட்டு, வருடத்தில் ஒன்றுக்கு மேல் காய்ப்பு எடுப்போம். பழம் உருண்டு திரண்டு, சாறு நிரம்பி இருந்தால்தான் வியாபாரி நல்ல விலை சொல்வார். மெல்பர்னில் படிக்க வந்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் யாரா பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பழம் பறிக்கப் போவேன். அங்கே எல்லாமே தலைகீழ். கொடியை இடுப்பளவுக் கம்பியில் கட்டி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. கேபர்னே பழம் கையில் எடுத்தால் அவ்வளவு சின்னது. தோல் தடிப்பு, உள்ளே பெரிய விதை, சாறு கொஞ்சம்தான். வாயில் போட்டு மென்றால் இனிப்பு முதலில் வரும், பின்னாலேயே பல்லும் ஈறும் கூசுகிற மாதிரி ஒரு துவர்ப்பு வரும். தின்பதற்கு லாயக்கில்லாத இந்தத் துவர்ப்புதான் ஒயினில் டானின் ஆகிறது. 2005இல் பறித்த பழத்தின் ஒயின் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால் அந்தத் தடித்த தோலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

தோட்டம் மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மரூண்டா நெடுஞ்சாலையில் போய், கோல்ட்ஸ்ட்ரீம் பக்கம் திரும்பினால் கிரூயர் என்ற சின்ன ஊர் வரும். வாராமேட் மலையடிவாரத்தில் வடக்கு பார்த்த சரிவு. ஆஸ்திரேலியாவில் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும், ஆகவே வடக்குச் சரிவுக்குத்தான் சூடு அதிகம். யாரா குளிர்ச்சியான பகுதி. தாமதமாகப் பழுக்கிற கேபர்னே அங்கே முழுசாகப் பழுக்க அந்தச் சூடு தேவைப்படுகிறது. மண் சாம்பல் நிறத்தில் பொடியாக இருக்கும், அடியில் களி, நடுநடுவே சரளைக்கல் அடுக்கு. மழைத் தண்ணீர் தேங்காது. கொடிகளுக்கு நீர் பாய்ச்சுவதும் கிடையாது. வானம் கொடுத்ததை வைத்து வேர்தான் கீழே தேடிப் போக வேண்டும். தண்ணீர் குறைந்தால் பழம் சின்னதாகும், சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும், ஒயினில் நிறமும் துவர்ப்பும் ஏறும். எங்கள் ஊர் விவசாயி இதைப் பார்த்தால் வயிறெரிவார். ஒயினுக்கு இதுதான் சரி.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1838இல் ரைரி சகோதரர்கள் யெரிங்கில் கொடி நட்டார்கள். விக்டோரியா மாநிலத்தின் முதல் திராட்சைத் தோட்டம் அது. பின்னால் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்து பெரிதாக்கினார்கள். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. ஜனங்களின் ருசி சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின் பக்கம் போனது. 1920களின் தொடக்கத்தில் ஒயின் தொழில் அற்றுப்போய், திராட்சை இருந்த இடத்தில் பால் மாடு மேய்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அப்படியே கிடந்த பூமியில் 1969இல் வந்து கொடி நட்டவர் டாக்டர் பெய்லி கரோடஸ். நியூசிலாந்தில் பிறந்தவர், செடிகளின் உடலியல் படித்த விஞ்ஞானி, ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் வேலை பார்த்தவர். தனக்கு வேண்டிய மண்ணும் சரிவும் எங்கே இருக்கிறது என்று தேடி இந்த இடத்தைப் பிடித்தார். 1973இல் முதல் ஒயின். அந்த முதல் வருடத்திலிருந்தே நம்பர் 1 இருக்கிறது.

நம்பர் 1 என்பது தரவரிசை இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கேபர்னே குடும்பக் கலவைக்கு நம்பர் 1, ஷிராஸ் என்ற இன்னொரு திராட்சையை முதன்மையாக வைத்துச் செய்கிற கலவைக்கு நம்பர் 2. அவ்வளவுதான். கடையில் நம்பர் 2ஐப் பார்த்து மட்டமானது என்று நினைத்து ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அபாரமான ஒயின். லேபிளின் முன்பக்கத்தில் பழத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்கிற ஊரில், கரோடஸ் எண்ணை மட்டும் போட்டு விற்றார். இதைக் குடிக்கும்போது எனக்கு அந்த முடிவு நியாயமாகவே படுகிறது. இதில் கேபர்னே எங்கே முடிகிறது, மெர்லோ எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழம் புளிக்க வைக்கப் பெரிய எஃகுத் தொட்டிகள் வாங்காமல், உள்ளே துருப்பிடிக்காத தகடு அடித்த சதுர மரப்பெட்டிகளைச் செய்து கொண்டார். பெட்டிக்கு அரை டன் பழம் பிடிக்கும். பார்க்கப் பழைய தேயிலைப் பெட்டி மாதிரி இருப்பதால் அங்கே அவற்றுக்குத் தேயிலைப் பெட்டி என்றே பெயர். தோட்டத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பெட்டியில் புளிக்க வைக்கலாம். மேலே மிதந்து வரும் தோலைக் கையாலேயே அழுத்தி முக்குவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும்போது சூடு அளவு மீறாது, தோலிலிருந்து துவர்ப்பு முரட்டுத்தனமாக இறங்காது. இன்றைக்கும் அந்தப் பெட்டிகளில்தான் வேலை நடக்கிறது. கலவை ஒயின் என்றதும் மிச்சம் மீதியைக் கலக்கி ஊற்றுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இத்தனை சின்னச் சின்னப் பாகமாகப் பிரித்து வைத்து, ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

இருபது வருடத்து ஒயினில் வண்டல் இருக்கும். துவர்ப்புப் பொருளும் நிறமும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி அடியில் படிந்துவிடும். ஒயின் வாயில் மிருதுவாவதும், நிறம் வெளிறுவதும், பாட்டிலில் கசடு சேர்வதும் ஒரே காரியத்தின் விளைவுகள். ஆகவே படுக்க வைத்திருந்த பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்தேன். கார்க் பாதி நனைந்து, மெதுமெதுவென்று இருந்தது. இந்த வயதில் அப்படித்தான் இருக்கும். சாதாரணத் திருகாணி போட்டால் உடைந்து உள்ளே விழ வாய்ப்பு உண்டு. இரண்டு தகடுகளைக் கார்க்கின் பக்கவாட்டில் நுழைத்து இழுக்கிற திறப்பான் ஒன்று கிடைக்கிறது. பழைய ஒயின் வாங்குகிறவர்கள் முதலில் அதை வாங்கி வையுங்கள். பிறகு பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சாய்ப்பில் ஜாடிக்கு ஊற்றினேன். கழுத்தில் கசடு தெரிந்ததும் நிறுத்தியாயிற்று. கடைசி இரண்டு விரல்கடை ஒயினை மனம் கேட்காமல் ஊற்றிவிடாதீர்கள், மீதி எல்லாம் கலங்கிவிடும்.

வெப்பநிலையும் முக்கியம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது குளிர் நாட்டு வீடுகளை வைத்து. பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி போதும். மெல்பர்ன் கோடையிலும் சரி, மதுரையிலும் சரி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதுதான் உத்தமம்.

கிளாஸில் நிறம் நடுவில் மாதுளை விதைச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். எதிர்ப்பக்கம் பிடித்த விரல் மங்கலாகத் தெரிந்தது. முதல் வாசம் மூடிக் கிடந்தது: ஈர மண், பழைய தோல் பை, மரப்பெட்டியைத் திறந்த வாசம். பழமே இல்லை. என் மனைவி முகர்ந்துவிட்டு, “போயிடுச்சு போல இருக்கே” என்றாள். வாயில் வைத்தால் புளிப்பு மட்டும் எட்டிப் பார்த்தது. இந்த இடத்தில்தான் பலர் பாட்டிலைக் குறை சொல்லிவிட்டு வேறொன்றைத் திறந்துவிடுவார்கள்.

நாற்பது நிமிடம் கழித்து மறுபடி ஊற்றினோம். ஈர மண் வாசம் ஒதுங்கி, நல்ல புகையிலை வாசமும் காய்ந்த பிரியாணி இலை வாசமும் வந்திருந்தது. அதற்கடியில் நாவல் பழம். புதுசாகப் பறித்தது இல்லை, வெயிலில் லேசாகச் சுருங்கிய நாவல் பழம். ஒரு மணி நேரம் தாண்டியதும் பூ வாசம் ஒன்று மேலே வந்தது. அது பெட்டி வெர்டோவின் வேலை என்று நினைக்கிறேன். மிகக் கொஞ்சம் சேர்ப்பதற்கே அந்தப் பழம் அப்படி ஒரு வாசத்தைத் தரும். வாயிலும் எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. கேபர்னே தனியாக இருந்தால் முன்னாலும் பின்னாலும் பேசும், நடுவில் ஒரு வெற்றிடம் விழும். அந்த நடுவை இங்கே மெர்லோவும் மால்பெக்கும் நிரப்பி வைத்திருந்தன. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. மெல்லிய மாவு மாதிரி ஈறின் ஓரம் பரவி நின்றது. விழுங்கிய பிறகு, பேசிக்கொண்டிருந்த பேச்சு முடியும் வரைக்கும் ருசி போகவில்லை.

இனிப்பு எங்கேயும் இல்லை. ஓக் பீப்பாயின் வனிலா வாசமும் தனியாகத் தெரியவில்லை. புது பிரெஞ்சு ஓக்கில் வைத்து எடுக்கிற ஒயின் இது. இளமையில் அந்த மர வாசம் கட்டாயம் தூக்கலாக இருந்திருக்கும். இருபது வருடத்தில் பழம் அதை உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. எனக்கு இந்த ஒயின் பிடித்ததற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எந்தப் பகுதியும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பழம், மரம், புளிப்பு, துவர்ப்பு எல்லாம் ஒரே பொருளாகிவிட்டிருந்தன. இளம் ஒயினில் காசு கொடுத்தாலும் இது கிடைக்காது.

திறந்து மூன்று மணி நேரம் வரைக்கும் நன்றாகவே நின்றது. அதற்கப்புறம் பழம் மெல்ல இறங்கி, தேயிலை வாசமும் காய்ந்த இலை வாசமும் மிஞ்சின. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மறுநாளைக்கு வைத்தால் வீண். நாலு பேர் சேர்ந்து ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டிய பாட்டில் இது.

சாப்பாடு. காரக்குழம்பும் புளிக்குழம்பும் இதற்கு எதிரி. புளி பட்டதும் ஒயின் தட்டையாகிவிடும். மிளகாய்க் காரம் மதுவின் சூட்டையும் துவர்ப்பையும் இரண்டு மடங்காக்கிவிடும். நாங்கள் ஆட்டுத் தொடைக்கறியைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, நல்லெண்ணெய் போட்டுச் சுக்காவாக வதக்கினோம். மிளகாய் அறவே இல்லை, மிளகு கடைசியில் கொஞ்சம். கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், வாய் சுத்தமாகும், அடுத்த வாய்க்கு ஆசை வரும். சீரகமும் இந்த ஒயினின் புகையிலை வாசமும் அவ்வளவு பொருத்தம். கூட ஆப்பமோ இட்லியோ போதும். சைவக்காரர்களுக்குக் காளான் நல்ல ஜோடி. வெண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, மிளகு தூவுங்கள். பிரியாணிக்கு இதைத் திறக்காதீர்கள். பிரியாணி வாசத்தில் இந்த ஒயின் காணாமல் போய்விடும்.

குறை என்று சொன்னால், நடுவில் எங்கோ ஒரு பச்சை இலைத் தன்மை இருக்கிறது. குளிர்ப் பகுதி கேபர்னேயின் குணம் அது. எனக்கு அது ஒயினுக்கு எலும்பு மாதிரிதான் படுகிறது, ஆனால் வெயில் அதிகமான பரோசா பகுதியின் ஷிராஸில் இருக்கிற கெட்டியையும் கனிவையும் விரும்புகிறவர்களுக்கு இது ஒல்லியாகத் தோன்றும். அவர்கள் இந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். இனிப்பு ஒயின் பிரியர்களுக்கும் இது வேண்டாம். அப்புறம், இத்தனை வயதான ஒயினில் ஒவ்வொரு பாட்டிலும் தனி ஜாதகம். கார்க் ஒன்று போல இன்னொன்று இருக்காது. என் பாட்டில் நன்றாக இருந்தது என்பதற்காக எல்லா 2005உம் இப்படியே இருக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது.

வாங்கும்போது முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருந்தால் நல்லது. தோள் வரைக்கும் இறங்கியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, மூடித் தகட்டைச் சுற்றி ஒழுகின கறை இருந்தாலோ, எங்கேயோ வெயிலில் வெந்த பாட்டில். எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். வேறொரு தோட்டத்தின் பழைய கேபர்னே ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் எடுத்தபோது, வெளியே லேபிள் பளபளவென்று இருந்தது, உள்ளே வேகவைத்த பழ வாசம். பணத்தைத் திருப்பித் தர அவர் சம்மதிக்கவில்லை. லேபிள் அழகில் ஒன்றுமே இல்லை. லேசான ஈரக் கறை படிந்த லேபிள் இன்னும் நல்லது, ஈரப்பதமுள்ள குளிர்ந்த அறையில் இருந்தது என்று தெரியும்.

2005 கரோடஸ் காலத்து ஒயின். 2008இல் அவர் காலமானார். அடுத்த வருடம் தோட்டம் கைமாறியது. 2013இலிருந்து சாரா க்ரோ ஒயின் செய்கிறார். 2017இல், ஆஸ்திரேலிய ஒயின்களை மதிப்பிடும் ஹாலிடே கையேட்டின் அந்த வருடத்துச் சிறந்த ஒயின் தயாரிப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது, அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அவர் கை பட்ட ஒயின்களில் பழம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கரோடஸ் ஒயினில் இருக்கிற முரட்டு அழகு கொஞ்சம் குறைந்து, நேர்த்தி கூடியிருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். புதுசு வாங்கினால் பாட்டில் நூறு டாலரைத் தாண்டும். குறைந்தது பத்து வருடம் படுக்க வைக்க இடமும் மனசும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஏலத்தில் வயதானதையே எடுப்பது புத்திசாலித்தனம், பல சமயம் புதுசின் விலையை ஒட்டியே கிடைத்துவிடும். இருபது வருடம் யாரோ நமக்காகக் குளிரில் காத்துக் கொடுத்ததற்குத் தனியாக விலை இல்லை என்பது பெரிய விஷயம்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விமானப் பயணி இந்தியாவுக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லாமல் கொண்டுபோகலாம், அதாவது வழக்கமான 750 மில்லி பாட்டிலில் இரண்டு. ஆனால் பழைய ஒயின் குலுங்கினால் வண்டல் கலங்கும். சென்னையில் இறங்கியதும் திறக்காதீர்கள். குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரமாவது நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். இந்தியாவில் கடையில் வாங்குவதற்கும் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த இந்திய - ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தால், 15 அமெரிக்க டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள பாட்டிலுக்கு 150 சதவீதமாக இருந்த சுங்கம் முதல் கட்டமாக 75 ஆனது. பத்து வருடத்தில் 25 வரை இறங்கும். மாநில வரி தனி. இந்த மாதிரிச் சின்னத் தோட்டத்து ஒயின் அந்த வழியில் வருவது அபூர்வம்தான், ஆகவே மெல்பர்ன் வருகிறவர்கள் தோட்டத்துக்கே போய் வாருங்கள். பிரியார்ட்டி சாலையில் இருக்கிறது. சுவைத்துப் பார்க்க முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், கார் ஓட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம்பர் 1ஐயும் நம்பர் 2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.